கொட்டச் சொன்ன கேக்

வெள்ளை எனாமல் பூசிய, தோள்கள் உருண்ட பழைய பிரிட்ஜ் அது. கைப்பிடியைக் கீழே அழுத்தி இழுத்தால் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். பிறகுதான் கதவு திறக்கும். போர்ட் பிளேயரில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் வேறு எந்த வீட்டிலும் பிரிட்ஜ் கிடையாது. அது அப்பா வாங்கியதல்ல, சித்தியோடு வந்தது. அம்மா இறந்து இரண்டு வருஷம் கழித்து அப்பா மறுமணம் செய்துகொண்டபோது, சித்தி ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மாதா படம், இந்தப் பிரிட்ஜ் ஆகிய மூன்றோடும் எங்கள் வாசலில் வந்து இறங்கினாள். நாலு பேர் சேர்ந்து அதை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் பிரிட்ஜைத்தான் பார்த்தார்கள் என்ற கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

சித்தியின் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து, தீவின் மேற்குக் கரையில் வண்டூரில் மீன்பிடித்துக்கொண்டிருந்த குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு பெரிய அதிகாரியின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவள் அவள். அந்த அதிகாரி மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போகும்போது, கப்பலில் ஏற்றிக்கொண்டு போகச் சிரமமென்று பிரிட்ஜைச் சித்திக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். சித்தி அப்பாவைவிடப் பதினைந்து வயது சின்னவள். என் அண்ணனுக்கும் அவளுக்கும் ஏழெட்டு வயதுதான் வித்தியாசம். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். அம்மா போன பிறகு எங்கள் வீட்டு அடுப்பங்கரை அத்தையின் கையில்தான் இருந்தது. அதைச் சித்தி வாங்கிக்கொண்டதை அத்தை கடைசிவரை மறக்கவில்லை. சித்தி வைக்கும் குழம்பை ருசி பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குப் பதிலாக, பங்களாக்காரங்க இப்படித்தான் சாப்பிடுவாங்களோ என்று கேட்பாள். நான் சிரிப்பேன்.

பிரிட்ஜுக்குச் சித்தி வைத்திருந்த சட்டங்கள் கொஞ்சமல்ல. சூடாக எதையும் உள்ளே வைக்கக் கூடாது. மீனுக்குப் பக்கத்தில் கேக்கோ வெண்ணெயோ இருக்கக் கூடாது. கேக்கை வெண்ணெய்த் தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியை இறுக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே காய்ந்து மீன் வாடை பிடித்துவிடும். முந்திரி திராட்சை போட்ட கறுப்புக் கேக் மாதக்கணக்கில் தாங்கும், வெறும் கேக் ஒரு வாரம் தாங்கும், ஆனால் உள்ளே கஸ்டர்ட் வைத்த கேக்குக்கு மூன்று நாள்தான் ஆயுசு. மேசைக்கு வந்து ஈரக்காற்றில் கிடந்ததைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. கரண்ட் போய்விட்டால் வரும்வரை கதவைத் திறக்கவே கூடாது. எனக்கு இதெல்லாம் பெரிய இடத்துப் பீற்றலாகப் பட்டது. குளிர்ந்த தண்ணீர் குடிக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். சித்தி அதட்ட மாட்டாள். வந்து என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இப்போது என் மகள் வீட்டில் கேக் வாங்கினால் டப்பாவிலேயே தேதி ஒட்டி வருகிறது. எத்தனை மணி நேரத்துக்குள் தின்ன வேண்டும் என்றுகூடப் போட்டிருக்கிறான். அன்று அந்தத் தீவில் அதைத் தெரிந்து வைத்திருந்தது எனக்குத் தெரிந்து என் சித்தி ஒருத்தி மட்டும்தான். எங்கள் நம்பிக்கை ரொம்ப எளிமையானது. தொட்டால் குளிர்ந்திருக்கிறதா, அப்படியானால் அது நல்லது.

அப்போது அண்ணன் தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில் இருந்தான். குடியேற்றத்துக்காகக் காடு திருத்திக்கொண்டிருந்த காலம், எழுபதுகளின் தொடக்கம். அங்கே ஒரு தற்காலிக எழுத்தர் வேலை. மரத்தின் எண்ணிக்கையை எழுதுவது, அட்டைக்கடி வாங்குவது, போட் வரும் நாளை எண்ணுவது, இவ்வளவுதான் அவன் வாழ்க்கை. அந்த நேரத்தில் மெட்ராஸில் ஒரு கப்பல் கம்பெனியிலிருந்து அவனுக்கு உத்தரவு வந்தது. எஞ்சின் ரூம் பயிற்சி. குறிப்பிட்ட நாளில் நேரில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவனுக்கு. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அப்படி ஒரு கதவு அதற்கு முன்னால் திறந்ததில்லை. அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹார்பர் முழுக்கக் காட்டினார். அண்ணன் சனிக்கிழமை போட்டில் ஹட் பேயிலிருந்து வந்துவிடுவான், ஞாயிறு பூசைக்குப் பிறகு வீட்டில் ஒரு சின்ன விருந்து, அதற்கு அடுத்த சனிக்கிழமை மெட்ராஸ் கப்பல். இதுதான் திட்டம்.

சித்தி வெள்ளிக்கிழமையிலிருந்தே கேக் வேலையில் இறங்கிவிட்டாள். அவள் கறுப்புக் கேக்தான் செய்வதாக இருந்தாள், கப்பலுக்கும் கொடுத்துவிடலாம் என்று. அத்தைதான் விடவில்லை. பங்களாவில் துரைமார்களுக்கு மட்டும் க்ரீம் வைத்துக் கொடுப்பாயோ, எங்கள் பிள்ளைக்கு வைக்க மாட்டாயோ என்று கேட்டாள். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். சித்தி மறுபேச்சில்லாமல் பால்பவுடரைக் கரைத்து, முட்டையும் கஸ்டர்ட் பவுடரும் போட்டுக் கிளறினாள். கேக் சுடும் ஓவன் எங்களிடம் கிடையாது. பெரிய அலுமினியத் தேக்சாவில் மணலைப் பரப்பி, நடுவே கேக் பாத்திரத்தை வைத்து, மூடியின் மேல் தணலைக் கொட்டி வேகவைத்தாள். இரண்டு தட்டு கேக், நடுவில் மஞ்சள் க்ரீம். அதன் மேல் அண்ணன் பெயரின் முதல் எழுத்தைச் சர்க்கரையில் எழுதினாள்.

சனிக்கிழமை போட் வரவில்லை. கடல் மோசம் என்று ஹட் பேயிலிருந்தே கிளம்பவில்லையாம். அப்பா ஆட்களைக் கூப்பிட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இல்லாமலேயே கேக்கை வெட்டினார்கள். சித்தி முதலிலேயே பாதியை அறுத்து, மேசைக்குக் கொண்டுவராமல், டின்னில் போட்டுப் பிரிட்ஜில் வைத்துவிட்டாள். அது அண்ணனுக்கு. யாரும் தொடக் கூடாது என்று அத்தையும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அந்த வீட்டில் சித்தியும் அத்தையும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

திங்கட்கிழமை காற்று தீவுக்கே வந்துவிட்டது. மரம் விழுந்து கம்பி அறுந்து, இரண்டு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. சித்தி பிரிட்ஜ் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டி வைத்தாள், யாரும் மறந்துபோய்த் திறந்துவிடக் கூடாதென்று. புதன்கிழமை கரண்ட் வந்ததும் பிரிட்ஜ் மறுபடி உறுமத் தொடங்கியது. வியாழக்கிழமை சித்தி டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்ததை நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை, போட் வந்துகொண்டிருக்கிறது, பத்து மணிக்குள் ஜெட்டிக்கு வந்துவிடும் என்று ஆள் வந்து சொன்னான். அப்பா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சித்தி முட்டை வாங்க பஜாருக்குப் புறப்பட்டாள். போகும்போது என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டாள்.

"ஏ பிள்ள, அந்தக் கேக்க அண்ணனுக்குக் குடுத்துராத. ரெண்டு நாள் கரண்ட் இல்லாமக் கெடந்துருக்கு, உள்ள க்ரீம் கராப் ஆயி கெட்டுருக்கும். பாத்தாத் தெரியாது. நான் வந்து வேற பண்ணித் தாரேன். அதப் பின்னால குழி தோண்டிக் கொட்டிரு."

நீங்களே கொட்டலாமே என்று நான் கேட்டேன். கேட்ட விதம் மரியாதையாக இருந்திருக்காது.

"நான் கொட்டுனா, மூத்த தாரத்துப் பிள்ளைக்கி வச்சத இவ கொட்டிட்டான்னு ஒங்க அத்தை நாளைக்கிச் சொல்லும். நீ கொட்டுனா ஒண்ணுமில்ல. நீ இந்த வீட்டுப் பிள்ள."

இவ்வளவுதான். ஒரு ஒளிவு மறைவில்லாமல், எதற்குப் பயப்படுகிறாள் என்பதையும் சேர்த்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் அவள் நம்பிய ஒரே ஆள் நான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் போனதும் டின்னைத் திறந்து பார்த்தேன். கேக் ஜில்லென்று கெட்டியாக இருந்தது. சர்க்கரை எழுத்து கொஞ்சம் கசிந்திருந்ததே தவிர வேறு ஒரு குறையும் இல்லை. ஒரு வாடையும் எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நல்ல கேக்கைக் குழியில் கொட்டச் சொல்கிறாளே, என் அண்ணனுக்குக் கொடுக்க இவளுக்கு மனசு வரவில்லை, பழி மட்டும் என் தலையில் விழ வேண்டும் என்று என்னைக் கொட்டச் சொல்கிறாள் என்று தோன்றியது. அத்தை ஒரு வருஷமாக என் காதில் ஊற்றியது எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வேலை செய்தது.

அண்ணன் வந்தான். கறுத்து, இளைத்து, காலெல்லாம் அட்டைக்கடித் தழும்போடு. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவன் முன்னால் தட்டை வைத்தேன். உனக்காக நான் எடுத்து வைத்தேன் என்றேன். சித்தி பெயரைச் சொல்லவில்லை. நீ தின்றாயா என்று கேட்டான், ஞாயிற்றுக்கிழமையே தின்றுவிட்டேன் என்றேன். முழுவதையும் அவனே தின்னட்டும் என்றுதான் நான் தொடாமல் இருந்தேன். பாசம்தான். அதிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவன் மூன்று துண்டு தின்றான். வெளியில் கொஞ்ச நேரம் வைத்துக் கொடுத்தால் இன்னும் மெத்தென்று இருந்திருக்கும் என்றான்.

சித்தி முட்டையோடு திரும்பி வந்தபோது தட்டு மேசையில் இருந்தது. தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேராகப் போய் வெந்நீர் வைத்தாள். அண்ணன் அப்போது நன்றாகத்தான் இருந்தான், பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். மதியம் ஒரு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை. வாந்தி, பேதி, மறுபடி வாந்தி. சித்தி உப்பும் சர்க்கரையும் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள், அவன் துப்பினான், அவள் மறுபடி புகட்டினாள். வேட்டியை மாற்றினாள், தரையைத் துடைத்தாள். நான் கதவோரத்தில் நின்றேன். நாலு மணிக்கு அவன் கண் செருகத் தொடங்கியதும் அவள்தான் தெருவில் ஓடி ஒரு ஜீப்பை நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு, கெட்டுப்போன க்ரீம் கேக் என்று அவள்தான் வாய்விட்டுச் சொன்னாள். அதனால் அவனுக்குச் சரியான வைத்தியம் நடந்தது. அதே வார்த்தையை வைத்துத்தான் அவளுக்குத் தீர்ப்பும் எழுதினார்கள்.

மறுநாள் காலை மெட்ராஸ் கப்பல் போய்விட்டது. ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து துறைமுகம் தெரியும். அண்ணன் கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தான். அடுத்த கப்பல் மூன்று வாரம் கழித்து. தந்தி அடித்துப் பார்த்தார்கள், இடம் அடுத்தவனுக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. அதெல்லாம் பிறகு. அன்று காலை வார்டுக்கு வெளியே நாங்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தோம். அத்தை சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். செஞ்சது இவ, எடுத்து வச்சது இவ, அவன் ஒருத்தன் மட்டும் தின்னான், மத்தவங்க யாரும் ஏன் தொடல? சித்தி அப்பாவைப் பார்த்து, நான் கொட்டச் சொல்லியிருந்தேன் என்றாள். யாரிடம் என்று அத்தை கேட்டாள். சித்தி என் பக்கம் திரும்பினாள்.

அப்பா என்னிடம் கேட்டார். "ஒங்கிட்ட சொன்னாளா?"

கதவு திறந்திருந்தது. அண்ணனின் முதுகு தெரிந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும்.

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

சித்தி அதற்குமேல் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் நான் அழுது உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். பதினைந்து வயதில் நான் நன்றாகப் பொய் சொல்வேன், இன்னொரு முறையும் சொல்லியிருப்பேன். அடுத்த வாரம் அப்பாவே அவளை வண்டூரில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். டிரங்குப் பெட்டி போயிற்று, மாதா படம் போயிற்று. பிரிட்ஜ் போகவில்லை. தூக்க ஆள் வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அதிலிருந்து குளிர்ந்த தண்ணீர் எடுத்துக் குடித்தோம். ஒருவருக்கும் தொண்டையில் சிக்கவில்லை.

அண்ணன் ஹட் பேக்கே திரும்பிப் போனான். எழுத்தர் வேலை, பிறகு எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை, அங்கேயே கல்யாணம், பிள்ளைகள். கப்பலில் ஏறி உலகம் சுற்றியிருக்க வேண்டியவன் கப்பல் வரும் நாளை எண்ணிக்கொண்டே கிழவனானான். குடித்தால் ஒரு கதை சொல்லுவான். குடிக்காவிட்டாலும் சொல்லுவான். கல்யாண வீடோ, ஞானஸ்நான வீடோ, கேக் என்று ஒன்று மேசைக்கு வந்துவிட்டால் போதும், எங்கள் அப்பா கட்டிக்கொண்டு வந்த ஒருத்தி எனக்கு இதில்தான் விஷம் வைத்தாள் என்று ஆரம்பிப்பான். சுற்றியிருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போவேன். என் பிள்ளைகள்கூட அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

அப்பா இறந்து ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்கு வண்டூர் போகத் தைரியம் வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பொய் சொன்னால் பிரம்பால் அடிக்கும் ஆசிரியை, அதையும் சொல்லிவிடுகிறேன். சித்தி தன் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் தனியாக இருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. வா பிள்ள என்று உள்ளே கூப்பிட்டு, பாய் போட்டு, டீ போட்டுக் கொடுத்தாள். அப்பாவின் அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, யாரும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. டீ ஆறும்வரை காத்திருந்து, சொல்ல வந்ததைச் சொன்னேன். நீங்கள் சொன்னீர்கள், நான்தான் சொல்லவில்லை என்று மறுத்தேன், உங்கள் வாழ்க்கையை நான் கெடுத்தேன், அப்பா சாகும்வரை உங்களைத் தப்பாக நினைத்தே போய்விட்டார் என்றேன். அழுதேன். அழுதபோதுகூட, அப்பாடா சொல்லிவிட்டேன் என்ற நிம்மதிதான் உள்ளே இருந்தது. சித்தி அந்த நிம்மதியை எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

"அவரு தப்பா நெனைக்கல பிள்ள. அவருக்குத் தெரியும். ஒங்கிட்ட நான் சொல்லும்போது அவரு அந்தாலதான் நின்னு சட்ட போட்டுக்கிட்டிருந்தாரு. கொட்டட்டும், அதான் நல்லதுன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் டியூட்டிக்குப் போனாரு."

நான் ஏதோ கேட்டிருக்க வேண்டும். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவள் பதில் மட்டும் நினைவிருக்கிறது. வண்டூருக்குக் கூட்டிவந்த அன்று பஸ்ஸில் அப்பா அவளிடம் சொன்னாராம்: பிள்ளைகள் ரெண்டும் ஒன்றுக்கொன்று பகையாகிவிடக் கூடாது, கொட்டச் சொல்லியும் தங்கச்சிதான் கொடுத்தாள் என்று தெரிந்தால் அவன் சாகும்வரை அவள் முகத்தில் முழிக்க மாட்டான், நீ வெளியிலிருந்து வந்தவள், நீ தாங்கிக்கொள்வாய். சித்தி இதைக் கோபமில்லாமல் சொன்னாள். பஸ் டிக்கெட் எடுத்த கதையைச் சொல்லும் குரலில் சொன்னாள். தாங்கிக்கிட்டேன் என்றாள். டீ குடி, ஆறிப்போச்சு என்றாள்.

அதற்குப் பிறகு அப்பாவின் படத்துக்கு மாலை போடும்போதெல்லாம் எனக்குக் கை கூசும். வார்டு வாசலில் என்னைக் கேள்வி கேட்டாரே, அது என்ன கேள்வி? பதில் தெரிந்துகொண்டே கேட்டது. நான் பொய் சொல்வேன் என்றும் தெரிந்து கேட்டது. என்னைக் காப்பாற்றினார் என்று சொல்லலாம். என்னை ஒரு கருவியாக வைத்து அவளை அனுப்பினார் என்றும் சொல்லலாம். சித்தியிடம் நான் அதற்குப் பிறகு அடிக்கடி போனேன், துணிமணி வாங்கிக் கொடுத்தேன், கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டேன். வர மாட்டாள். அண்ணனிடம் உண்மையைச் சொல்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு வருவேன். சொல்லவில்லை. வேண்டாம் என்று அவளும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பதை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். காத்திருந்திருக்கிறாள்.

சித்தி இறந்த அன்று ஹட் பேக்குப் போன் போட்டேன். சித்தி போயிட்டாங்க என்றேன். எந்தச் சித்தி என்று கேட்டான். பிறகு, அந்த விஷக்காரியா, நல்லதாப் போச்சு என்றான். அங்கேயே, மண் போடுவதற்கு முன்னால், வண்டூர் மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொட்டச் சொன்னதை, நான் கொடுத்ததை, நான் மறுத்ததை, அப்பாவுக்குத் தெரிந்திருந்ததை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டேன்.

"இத்தன வருஷமா யாரயோ திட்டிக்கிட்டு இருந்துட்டேனே" என்றான். பிறகு, "அவங்க இருக்கும்போது சொல்லிருந்தா நான் வந்து கால்ல விழுந்திருப்பேன்ல" என்றான். அவன் வாயிலிருந்து சித்திக்கு மரியாதை வந்ததை நான் முதன்முதலாக அன்றுதான் கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

ஏழு வருஷம் ஆகிறது. பண்டிகைக்குப் போன் பண்ணினால் அண்ணி எடுக்கிறாள், அவர் வெளியே போயிருக்கிறார் என்கிறாள். பின்னால் அவன் இருமுவது எனக்குக் கேட்கிறது.